கொதிநிலைக்கு முன்னொரு சொல்: மோட்டார் காரின் வெப்ப எச்சரிக்கைக் கருவிகள் பற்றிய வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெரும் பொறிகளைப் பற்றியே பேசுவர். அப்பொறிகளை அண்டிப் பிறந்த சிறு கருவிகள் அவர்தம் கவனத்தை ஈர்ப்பது அரிது. ஆயினும் ஒரு பொறி மக்களின் கைக்கு வந்தபின் அவர்கள் அதனோடு எவ்வாறு வாழ்ந்தனர், அதில் எதற்கு அஞ்சினர், அதனை ஆக்கியோர் சொல்லாது விட்டவை எவை என்பனவற்றை அறியச் சிறு கருவிகளே தக்க சான்றுகளாகின்றன. மோட்டார் காரின் எஞ்சின் அளவு மீறிச் சூடேறுவதை முன்கூட்டி அறிவிக்கும் கருவிகள் இவ்வகையின. இவற்றுட் பல தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தவையல்ல. காரை வாங்கியவர் பின்னர்த் தம் பணத்தைக் கொடுத்து வாங்கிப் பூட்டிக்கொண்டவை.

எச்சரிக்கைக் கருவி எதனையும் குளிர்விப்பதில்லை. செய்தி சொல்வது ஒன்றே அதன் பணி. ஆகவே அதன் பெறுமதி மூன்று வினாக்களில் தங்கியுள்ளது. அது எதனை அளக்கின்றது? எவ்விடத்திலிருந்து அளக்கின்றது? யாருக்கு, எவ்வளவு சொல்கின்றது? ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் இவ்வினாக்களுக்கு அளிக்கப்பட்ட விடைகளை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பமும் நீரும்

பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் தரும் சக்தி முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. பருமட்டாகக் கூறின், மூன்றிலொரு பங்கோ அதனினும் குறைந்த பங்கோதான் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் ஏற்று, றேடியேற்றருக்குக் கொண்டுசென்று காற்றிடம் ஒப்படைக்கின்றது. இவ்வோட்டம் தடைப்பட்டால் நீர் விரைவிற் கொதிக்கும். நீர் குறையக் குறைய உலோகம் மேலும் சூடேறும். எண்ணெய் இளகி உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும். ஈற்றில் பிஸ்ரன் உருளையோடு இறுகிக்கொள்ளும். அதற்குப் பின்னர் எஞ்சினைப் பிரித்துத் திருத்துவதன்றி வேறு வழியில்லை.

1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உற்பத்தியான போர்ட் மொடல் ரி காரை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் 2,500 கார்கள் வரையிலேயே நீரிறைக்கும் பம்பி இருந்தது. அதன் பின்னர் பம்பி கைவிடப்பட்டது. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும், றேடியேற்றரிற் குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும் என்னும் இயற்கை ஓட்டமே போதுமெனக் கொள்ளப்பட்டது. மலிவும் எளிமையும் வாய்ந்த இம்முறையில் ஒரு குறைபாடு மறைந்திருந்தது. நீர்மட்டம் றேடியேற்றரின் மேற்குழாய் வாயினும் தாழ்ந்தால் சுற்றோட்டம் அறுந்துவிடும். எஞ்சினுள் நீர் எஞ்சியிருக்கும்; ஆனால் அது நின்ற இடத்திலேயே கொதிக்கும்.

கொதிப்பதற்கு வேறு காரணங்களும் இருந்தன. விசிறிப் பட்டி தளர்தல், றேடியேற்றர் குழாய்களில் உப்பும் துருவும் படிதல் என்பன பொதுவானவை. தீப்பொறி எழும் நேரத்தைச் சுக்கானின் கீழிருந்த நெம்பினால் சாரதியே மாற்றவேண்டியிருந்தது. அதனை அளவுக்கு மீறிப் பிற்படுத்தி ஓடினால் எஞ்சின் சூடேறும். மாரிகாலத்தில் நீர் உறையாதிருக்க மெதனோலோ எதனோலோ கலப்பர். மெதனோல் ஏறத்தாழ 65 பாகை செல்சியசிலும் எதனோல் 78 பாகையிலும் கொதிப்பன. எனவே உறைதலைத் தடுக்கும் மருந்தே கொதித்தலை விரைவுபடுத்திற்று. கலவை போதாதவிடத்து றேடியேற்றரின் அடிப்பாகம் உறைந்து ஓட்டம் தடைப்படும். அவ்வேளை வெளியே பனி பொழிய, எஞ்சினுள் நீர் கொதிக்கும். மலைப்பாதைகளில் இடர் மேலும் பெரிது. கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் சிகரம் 4,302 மீற்றர் உயரமானது. அவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 86 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் சுமை மிகும் இடத்திலேயே நீரின் பொறுமை குறைந்துவிடுகின்றது.

இவ்வளவு ஆபத்துகளுக்கும் நடுவே மொடல் ரி காரில் வெப்பத்தைக் காட்டும் கருவி எதுவும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. றேடியேற்றர் மூடியினின்று ஆவி சீறி எழுவதே சாரதிக்குக் கிடைத்த முதல் அறிவிப்பு. அது நேர இருந்ததைச் சொல்லாமல் நேர்ந்துவிட்டதைச் சொல்லிற்று.

றேடியேற்றர் மூடியில் ஒரு வெப்பமானி

இவ்விடைவெளியை நிரப்ப வந்ததே மோட்டோமீற்றர் என்னும் கருவி. ஹாரிசன் பொய்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கிய இக்கருவியை 1912ஆம் ஆண்டில் தோன்றிய மோட்டோமீற்றர் கம்பனி நியூயோர்க் நகரின் லோங் ஐலண்ட் சிற்றி பகுதியில் ஆக்கி விற்றது. அமைப்பில் அது மிக எளியது. றேடியேற்றரின் மூடியிலே ஒரு துளையிட்டு, செந்நிறத் திரவம் அடங்கிய வெப்பமானியைச் செங்குத்தாக நிறுத்தினர். அதன் மேற்பகுதி வட்டமான கண்ணாடிச் சட்டத்துள் அமைந்தது. அடிக்குமிழ் மூடியின் கீழே றேடியேற்றருக்குள் தொங்கிற்று. சாரதி தன் ஆசனத்திலிருந்தவாறே, பொனற்றின் மறுமுனையில் செங்கோடு எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதைக் காணலாம். பொனற் நீண்ட பெரிய கார்களுக்குப் பெரிய முகமும் சிறிய கார்களுக்குச் சிறிய முகமும் கொண்ட வெவ்வேறு அளவுகளில் இது விற்கப்பட்டது.

இக்கருவியின் நுட்பம் அடிக்குமிழ் இருந்த இடத்திலேயே உள்ளது. அக்குமிழ் நீருள் அமிழ்ந்திருக்கவில்லை. நீர்மட்டத்துக்கு மேலே, காற்றும் ஆவியும் நிறைந்த வெளியிலே தொங்கிற்று. நீரின் வெப்பத்தை அறிய நீருக்கு வெளியே வெப்பமானியை வைப்பது முதல் நோக்கில் முரணாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு. நீர்மட்டம் தாழ்ந்து சுற்றோட்டம் அறுந்துவிட்டால் றேடியேற்றரில் எஞ்சிய நீர் குளிர்ந்தே இருக்கும். அதனுள் அமிழ்ந்த வெப்பமானி நலமே என்று பொய்யுரைக்கும். எஞ்சினிற் பிறந்த ஆவியோ மேற்குழாய் வழியே வந்து மேல்வெளியை நிரப்பும். அங்கே தொங்கும் குமிழ் அதனை உடனே உணர்ந்து செங்கோட்டை உயர்த்தும். நீர் மிகச் சூடேறுதல், நீர் குறைதல் என்னும் இருவகை இடர்களையும் ஒரே கருவி உணர்த்தியமை இதனாலேயாம்.

மோட்டோமீற்றர் மேல்வரம்பை மட்டும் காட்டவில்லை. செங்கோடு மிகத் தாழ்ந்திருந்தால் எஞ்சின் போதிய சூடு பெறாமல் எரிபொருளை வீணாக்குகின்றது என்பதையும் சாரதி அறிந்தான். குளிர்காலத்தில் றேடியேற்றரின் முகத்தை அட்டையினாலோ தோலினாலோ மறைத்து அதனைச் சீர்செய்தான். இவ்வாறு கருவியின் செய்தி ஒவ்வொன்றுக்கும் எதிரே சாரதி செய்யத்தக்க ஒரு செயல் இருந்தது. செங்கோடு உயர்ந்தால் தீப்பொறி நெம்பை முற்படுத்தலாம், ஏற்றத்தில் வேகத்தைக் குறைக்கலாம், நிழலில் நிறுத்தி ஆறவிடலாம், பட்டியை இறுக்கலாம். அறிவிப்பும் அறிவும் ஒன்றையொன்று வளர்த்த காலம் அது.

இக்கருவிக்குச் சமூகப் பண்பு ஒன்றும் இருந்தது. அது காரின் நெற்றியில் நின்றது. சாரதிக்குத் தெரிந்தது அருகே அமர்ந்தவருக்கும் தெரிந்தது. பல கார்க் கம்பனிகள் தம் பெயர் பொறித்த முகப்புகளை அதற்குச் செய்வித்தன. சிறகுகளும் அணிகளும் பூண்ட மூடிகள் விற்பனைக்கு வந்தன. அளவுகருவி அணிகலனாயிற்று. அணிகலன் ஆனதும் களவும் தொடர்ந்தது. பூட்டுள்ள மூடிகள் தனியே விற்கப்பட்டமை அதற்குச் சான்று. எளிய மொடல் ரி காரின் உரிமையாளரும் இதனை வாங்கிப் பூட்டியதில் அச்சத்துக்கும் பங்குண்டு, அந்தஸ்துக்கும் பங்குண்டு எனலாம்.

கருவிப் பலகைக்குள்

1920களின் பிற்பகுதியில் மோட்டோமீற்றரின் செல்வாக்குக் குன்றத் தொடங்கிற்று. பம்பியும் வெப்பநிலை நிறுத்தியும் பரவலாயின. 1927இல் பிரெஸ்ரோன் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த எதிலீன் கிளைக்கோல், தூய நிலையில் ஏறத்தாழ 197 பாகையிற் கொதிப்பது; அற்ககோல் கலந்த நீரின் தொல்லையைப் படிப்படியாக அது அகற்றிற்று. கூரை மூடிய கார்கள் பெருகியபோது, அளவு காட்டும் முகமும் காரின் நெற்றியினின்று சாரதியின் முன்னுள்ள கருவிப் பலகைக்கு இடம்பெயர்ந்தது.

இவ்விடமாற்றத்துக்கு உதவிய தத்துவம் பழையது. 1849இல் பிரான்சு நாட்டின் இயூஜின் பூர்டோன் ஆக்கவுரிமை பெற்ற வளைகுழாய், நீராவிக் கொதிகலன்களின் அமுக்கத்தை அளக்கப் பயன்பட்டு வந்தது. எளிதில் ஆவியாகும் திரவம் அடங்கிய சிறு குமிழை எஞ்சின் நீரில் அமிழ்த்தி, அதிலிருந்து மயிர்த்துளைக் குழாய் ஒன்றைக் கருவிப் பலகை வரை கொண்டுசென்று இவ்வளைகுழாயுடன் இணைத்தனர். நீர் சூடேற ஆவியமுக்கம் உயரும், வளைகுழாய் நிமிர முயலும், முள் நகரும். ஆவியமுக்கம் உயர்வெப்பத்தில் விரைந்து ஏறுவதால் இத்தகைய முகங்களில் குளிர்ப்பக்கக் கோடுகள் நெருங்கியும் சூட்டுப்பக்கக் கோடுகள் அகன்றும் இருக்கும். ஆபத்தான பகுதியே தெளிவாகத் தெரிவது தற்செயலாகக் கிடைத்த நன்மை. சிக்காகோவின் ஸ்ருவேட் வோனர், இலண்டனில் மணிக்கூட்டு வணிகமாகத் தொடங்கிய ஸ்மித்ஸ், 1929இல் இரு கம்பனிகள் இணைந்து உருவான ஜேர்மனியின் வி.டி.ஓ. ஆகியன இவ்வகை முகங்களைக் கார்க் கம்பனிகளுக்கும், அவற்றைத் தனியே வாங்கிப் பூட்டுவோருக்கும் விற்றன.

ஆனால் குமிழ் இப்போது நீருக்குள் இறங்கிவிட்டது. பொய்ஸின் கருவி தவிர்த்த பொய்யுரை மீண்டும் இடம்பெற வழி பிறந்தது. இன்னொரு குறையும் சேர்ந்தது. மயிர்த்துளைக் குழாய் முறிந்தால் ஆவி வெளியேறி, முள் குளிர்ந்த பக்கத்திலே வீழ்ந்துவிடும். பின்னர் வந்த மின்முறையிலும் உணரியின் கம்பி கழன்றால் பெரும்பாலான கார்களில் இதுவே நிகழ்ந்தது. கருவி இறந்தபோது அது அமைதியின் முகத்தைக் காட்டிற்று. எச்சரிக்கைக் கருவியின் வரலாற்றில் இது சிறு செய்தியன்று. ஆபத்து இல்லை என்பதும் அறிவிப்பவன் இல்லை என்பதும் ஒரே தோற்றத்தில் நிற்குமாயின், அத்தோற்றத்தை நம்பியிருத்தல் இடரைப் பெருக்கும்.

மூடர் விளக்கு

அமெரிக்காவின் ஹட்சன் கம்பனி 1930களின் முற்பகுதியில் எண்ணெய் அமுக்கத்துக்கும் மின்னேற்றத்துக்கும் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்குகளைப் பொருத்தியது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்வழக்கம் வெப்பத்துக்கும் பரவிற்று. சில கார்களில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பச்சையும் மிகச் சூடேறியபோது சிவப்பும் ஒளிர்ந்தன. அமெரிக்கச் சாரதிகள் இவற்றுக்கு இட்ட பெயர் மூடர் விளக்கு என்பதாகும்.

இப்பெயரில் உள்ள ஏளனம் முற்றும் நியாயமானதன்று. முள்ளை இடையறாது நோக்கும் சாரதிகள் சிலரே. சிவப்பு ஒளியோ பாதையை நோக்கும் கண்ணையும் இழுக்க வல்லது. ஆயினும் விளக்கு எல்லையைக் கடந்தபின்னரே பேசுகின்றது. நேற்று ஏறாத அளவுக்கு இன்று ஏறுகின்றது, இந்த ஏற்றத்தில் சற்றே உயர்ந்து பின் தணிகின்றது என்பன போன்ற செய்திகளை அது தருவதில்லை. படிப்படியாக அடைபடும் றேடியேற்றரின் நோயை முள் பல கிழமைகளுக்கு முன்பே காட்டும். விளக்கு கடைசி நாளிலேயே காட்டும்.

விளக்குத்தானும் இல்லாத கார்களும் இருந்தன. 1948இல் பிரித்தானியாவில் அறிமுகமாகி, பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் முழுவதும் யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் பல பகுதிகளிலும் ஓடிய மொறிஸ் மைனர் அவற்றுள் ஒன்று. அதன் முகத்தில் வெப்பத்தைக் காட்டும் முள் இருக்கவில்லை. விரும்பியோர் தனி முகம் ஒன்றை வாங்கிப் பூட்டினர். ஏனையோர் மணத்தையும் ஒலியையும் நம்பினர். நீரே இல்லாத வொக்ஸ்வாகன் பீற்றிலும் வெப்பமுள் இல்லை. ஆனால் அதிற் குளிர்விசிறியும் மின்பிறப்பாக்கியும் ஒரே பட்டியில் இயங்கியதால், பட்டி அறுந்தால் மின்னேற்ற விளக்கு ஒளிர்ந்து அதுவே வெப்ப எச்சரிக்கையாயிற்று. எண்ணெயின் சூட்டை உணர்ந்து விளக்கை ஏற்றும் அளவுகோல் ஒன்றும் அக்காருக்குத் தனியே விற்கப்பட்டது; எண்ணெய்மட்டம் பார்க்கும் கோலின் இடத்தில் அதனைச் செருகினாற் போதும்.

நீர் இல்லாதபோது

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இடரின் தன்மையே மாறிற்று. அமுக்க மூடிகள் பொதுவழக்காயின. வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அமுக்கத்தை மூடி தாங்குமாயின் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காதிருக்கும். இதனால் சாதாரணக் கொதிப்பு அருகிற்று. ஆனால் குழாயொன்று வெடித்தால் அமுக்கம் திடீரென வீழ, 100 பாகைக்கு மேலிருந்த நீர் ஒருங்கே ஆவியாகிச் சீறி வெளியேறும். பழைய காரில் நீர் மெல்லக் கொதித்தது. புதிய காரில் அது நொடிப்பொழுதில் மறைந்தது.

உலோகமும் மாறிற்று. எடையைக் குறைக்க அலுமினியக் கலப்புலோகம் எஞ்சினில் இடம்பெற்றது. அலுமினியம் வெப்பத்தால் விரியும் அளவு வார்ப்பிரும்பினதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கப்பட்ட இவ்விரு உலோகங்களும் அளவு மீறிச் சூடேறினால் ஒத்து விரியா. கஸ்கற் சிதையும், தளம் வளையும்.

ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1970இல் வெளியிட்ட செவர்லே வேகா கார் இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. அதன் எஞ்சினில் இரும்பு உள்ளுறை இல்லாத அலுமினிய உருளைக்கட்டையும், அதன்மேல் வார்ப்பிரும்புத் தலையும் இருந்தன. றேடியேற்றர் சிறியது, நீரின் கொள்ளளவும் குறைவு. சற்றே நீர் குறைந்தாலும் சூடு விரைந்து ஏறி உருளைகளின் உட்பரப்புக் கெட்டது. மலிவான முதற் காரென நம்பி வாங்கிய குடும்பங்கள் பல, கடன் தீருமுன்னரே எஞ்சினை இழந்தன. கம்பனி உத்தரவாதத்தை நீடித்தது. பழுதான எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தது. நீர் வழிந்து மீளும் போத்தலையும், நீர்மட்டம் தாழ்ந்தால் ஒளிரும் விளக்கையும் சேர்த்தது. 1977இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ இருபது இலட்சம் வேகா கார்கள் விற்பனையாகியிருந்தன. கம்பனியின் நற்பெயரோ மீளவில்லை. அந்தச் சிறிய விளக்கு தொடக்கத்திலேயே இருந்திருந்தால் எஞ்சினின் வடிவமைப்புக் குறை நீங்கியிராது. ஆயினும் பல சாரதிகள் உரிய நேரத்தில் காரை நிறுத்தியிருப்பர்.

வேகாவின் விளக்கு அளந்தது வெப்பத்தையன்று, நீரின் இருப்பை. இவ்வேறுபாடு இன்றியமையாதது. நீருக்குள் இருக்கவேண்டிய உணரி, நீர் வெளியேறியபின் வெறுவெளியில் நிற்கின்றது. காற்று நீரைப்போல் வெப்பத்தை விரைந்து கடத்துவதில்லை. எஞ்சினின் உலோகம் எரிய, முள் தணிவதும் உண்டு. பின்னர் வாங்கிப் பொருத்தும் கருவிகளை ஆக்கியோர் இதற்கு இரு விடைகள் கண்டனர். ஒன்று, றேடியேற்றரிலோ அதனோடிணைந்த தாங்கியிலோ ஓர் உலோகக் கோலைச் செருகுவது. நீர் இருக்கும்வரை மின் அதனூடாகப் பாயும். நீர் இறங்கியதும் சுற்று அறுந்து ஒலிப்பான் கூவும். மற்றையது, உணரியை நீரிலிருந்து எடுத்து எஞ்சின் தலையின் உலோகத்திலேயே ஓர் ஆணியால் இறுக்குவது. நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உலோகத்தின் சூட்டையே சொல்லும். எங்கிருந்து அளப்பது என்ற வினா 1912இற் போலவே மீண்டும் எழுந்து, மீண்டும் அதே முறையில், நீரை நம்பாத ஓரிடத்தைத் தேடி விடை பெற்றது.

அசையாத முள்

இன்றைய கார்களில் முள் இருப்பினும் அது பல வேளைகளில் உண்மையான வெப்பமானியாக இருப்பதில்லை. எஞ்சினின் இயல்பான வெப்பம் சுமைக்கும் காலநிலைக்கும் ஏற்ப ஏறியிறங்குவது. இச்சிறு அசைவுகளைக் கண்டு வாடிக்கையாளர் கலங்கி முறையிடுவதைத் தவிர்க்க, பரந்த வெப்ப எல்லையொன்று முழுவதிலும் முள் நடுவிலே நிற்குமாறு பல கம்பனிகள் அமைத்துள்ளன. அது நடுவை விட்டு நகரும்போது சாரதிக்கு எஞ்சும் நேரம் சிறிது. வேறு பல சிறிய கார்களில் முள்ளும் நீங்கி, குளிருக்கு நீலமும் சூட்டுக்குச் சிவப்புமான விளக்குகளே எஞ்சியுள்ளன.

அதேவேளை, காரின் கணினி முன்னெக்காலத்தினும் நுண்ணிதாக வெப்பத்தை அறிந்துகொண்டிருக்கின்றது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பொது இணைப்பு வாயிலில் சிறு கருவியொன்றைச் செருகினால் நீரின் வெப்பத்தைப் பாகைக் கணக்கில் வாசிக்கலாம். விரும்பிய அளவில் ஒலியெழுப்பவும் செய்யலாம். காருக்குத் தெரிந்ததைக் காரின் உரிமையாளர் அறிய இன்னொரு கருவியைத் தனியே வாங்கவேண்டியுள்ளமை சிந்திக்கத்தக்கது. 1993ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்த நோர்த்ஸ்ரார் எஞ்சின் இன்னுமொரு படி சென்றது. நீர் இழக்கப்பட்டால் அது உருளைகளுக்குச் செல்லும் எரிபொருளை மாறி மாறி நிறுத்தி, எரியாத உருளைகளைக் காற்றினாற் குளிர்வித்து, சிறிது தூரம் தானே நகரும். இங்கு எச்சரிக்கை செயலாகவே மாறிவிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இவ்வரலாறு நேர்கோட்டு முன்னேற்றமாக அமையவில்லை என்பது புலனாகும். நீர் குறைந்ததையும் சேர்த்து உணரும் திறன் மோட்டோமீற்றரில் இருந்தது. கருவிப் பலகைக்குள் முகம் இடம்பெயர்ந்தபோது அத்திறன் கைவிடப்பட்டது. பல்லாயிரம் எஞ்சின்கள் கெட்டபின்னர் விளக்கு வடிவில் மீண்டது. எஞ்சின் உறுதி பெறப் பெறச் சாரதிக்குச் சொல்லப்படும் செய்தி சுருங்கிற்று. கார்க் கம்பனிகள் சொல்லாது விட்டதை ஒவ்வொரு காலத்திலும் துணைக்கருவி வணிகர் விலைக்கு விற்றனர். அவர்தம் விற்பனைப் பொருள்களின் பட்டியலே, கம்பனிகள் விட்ட இடைவெளிகளின் பட்டியலும் ஆகும்.

சாரதியின் அறிவைச் சுமையெனக் கருதி அதனைக் கருவியிடம் ஒப்படைப்பதில் வசதி உண்டு. கருவி பிழைக்கும் நாளில் அவ்வசதிக்கு விலை கொடுப்பவர், காரை ஆக்கியவரல்லர். அதனை ஓட்டிப் பிழைப்பவரே. வாடகைக் காரோட்டியின் எஞ்சின் இறுகிய நாள் அவர் வருமானம் அற்ற நாளுமாகும். ஆதலின், தன்முன் அசையாது நிற்கும் முள்ளைக் காணும் ஒருவர், அது எதனை அளக்கின்றது, எங்கிருந்து அளக்கின்றது என்று கேட்கப் பழகுதல் வேண்டும். எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைக் கண்ணாற் பார்க்கும் பழைய வழக்கத்துக்கு ஈடான கருவி இன்னும் ஆக்கப்படவில்லை.